இரண்டாவது பிரேக்

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் கால்வாசிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனாலும் 'மாஸ்டர்' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'பிரேக் மாஸ்டர்' என்று சொல்ல வேண்டும். சொன்னால், "ஓ, அவரா!" என்று சிரிப்பார்கள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்றும் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் அந்த இரண்டாவது பிரேக்கை ஆபத்து வந்தால் மிதிப்பார்கள். நம்மாள் ஆபத்து வந்துவிடுமோ என்கிற சந்தேகத்துக்கே மிதிப்பார். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் மிதிப்பார். அது எழுந்து, சோம்பல் முறித்து, போய்ச் சேர்ந்த பிறகும் ஒருமுறை மிதிப்பார். டிவியில் காரைத் துரத்துகிற காட்சி வந்தால் எதிரே இருக்கும் டீப்பாயை மிதிப்பார். அதன் ஒரு கால் அப்படித்தான் போனது.

அப்பேர்ப்பட்ட மனிதர் கடன் விஷயத்தில் மட்டும் ஓரிடத்தில்கூட மிதிக்கவில்லை. அதை என்னவென்று சொல்ல!

பதினான்கு வருஷத்துப் பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் நன்றாகத்தான் பிழைத்தார். சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் காலி பெயின்ட் டப்பாக்களை வரிசையாக அடுக்கி, அதன் நடுவே வளைந்து வளைந்து ஓட்ட வைப்பார். டப்பா ஒன்று விழுந்தால் ஒரு திட்டு. இரண்டு விழுந்தால் டீ வாங்கித் தர வேண்டும். அப்புறம் வருகிறவர்கள் எல்லாம் "கியர் இல்லாத வண்டி இருக்கா மாஸ்டர்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இவரும் ஃபைனான்ஸ் போட்டு ஒரு புது வண்டி எடுத்தார். எடுத்த எட்டாம் மாதம் வலது முழங்கால் மக்கர் பண்ணியது. ஆபரேஷன். ஐந்து மாதம் காலை ஊன்றக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். பிரேக் மிதிக்க முடியாத பிரேக் மாஸ்டரிடம் யார் வருவார்கள்? ஆஸ்பத்திரிக்குக் கட்ட ஒரு கிரெடிட் கார்டு, அந்தக் கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டு என்று போய், கடைசியில் போன் மணி அடித்தாலே மனைவி அதன்மேல் தலையணையைப் போட்டு அமுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டது.

"என்னங்க, இதுக்கு ஒரு முடிவு கட்டுவோம்" என்றாள் அவள் ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. "திவால் மனு போட்டா எல்லாம் தீருமாமே."

"மஞ்சக் கடுதாசி குடுக்கச் சொல்றியா? நாலு பேரு மூஞ்சில முழிக்க வேண்டாமா?"

"இப்ப மட்டும் முழிக்கிறீங்களா? பால்காரர் வந்தா பாத்ரூமுக்குள்ள போயிடறீங்க."

அவரும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். உண்மைதானே.

*

வக்கீலம்மா பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவரிடம் கார் ஓட்டக் கற்றவர். அந்தப் பழக்கத்தில்தான் போனார்கள். மாடியில் சின்ன அறை. ஃபைல்களுக்கு நடுவே ஒரு நாற்காலியைத் தேடிக் கண்டுபிடித்து மாஸ்டரை உட்கார வைத்தார். மனைவிக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது.

மனைவி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். டிரைவிங் டெஸ்டுக்கான மாதிரிக் கேள்வித்தாள் அது. அதன் வெற்றுப் பின்பக்கத்தில், கேட்க வேண்டியதையெல்லாம் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தாள். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு. ஜெயில்ல போடுவாங்களா?"

"கடன் கட்ட முடியலன்னு போட மாட்டாங்க மாஸ்டர். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னாதான் போடுவாங்க."

"ரெண்டு. பேப்பர்ல வருமா?"

"பதிவு இருக்கும். தேடிப் பாக்கறவங்க பாக்கலாம். நீங்க காலைல டீ குடிச்சிக்கிட்டே படிக்கிற பேப்பர்ல வராது."

"மூணு. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

"உங்க ஃபிரிட்ஜை வச்சு யாரு என்ன பண்ணப் போறாங்க?"

மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. "நல்லா ஓடற ஃபிரிட்ஜ்ங்க அது" என்றாள்.

"நல்லா ஓடட்டும்மா. உங்க கிட்டயே ஓடட்டும்."

மாஸ்டர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். மனைவி பேரில் கடன் வருமா? அவள் கையெழுத்துப் போடாததற்கு அவள் பொறுப்பில்லை. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா? வாடகை ஒழுங்காகக் கொடுத்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். கற்றுக்கொடுக்கிற லைசென்ஸ் போய்விடுமா? அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பதில் ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அவர் தோள் இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்டூலில் இருந்தவளும் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏழு" என்று விரலை அந்த வரியிலேயே அழுத்திக்கொண்டார். "வண்டி?"

"புதுசு ஃபைனான்ஸ்காரங்களுது. அவங்க எடுத்துப்பாங்க. பழசு உங்க பொழைப்புக்கான சாமான். தையல்காரருக்கு மெஷின் மாதிரி. இவ்வளவு மதிப்புக்குள்ள இருந்தா அதுல கை வைக்கக் கூடாதுன்னே சட்டம் இருக்கு. பதினாலு வருஷத்து வண்டிக்கு என்ன மதிப்பு வரப்போகுது? அதை நெனச்சு நீங்க கவலையே பட வேண்டாம்."

சந்தோஷப்பட வேண்டிய பதில் அது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது... வேற ஒருத்தர் பேர்ல இருந்தா?" என்றார் மாஸ்டர்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யார் பேர்ல?"

"என் தங்கச்சி பேர்ல மாத்திட்டேன். மூணு மாசம் ஆச்சு."

"ஏன் மாஸ்டர்?"

ஏன் என்றால், அவர் கணக்கில் அது பெரிய சாமர்த்தியம். தங்கையின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்கிற இடத்திலேயே தவறிவிட்டார். கம்பெனி கொடுத்த பணத்தில் முக்கால்வாசியைத் தங்கை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்து, அண்ணன் மடியில் வைத்தாள். "பேங்க்ல சும்மா தூங்குதுண்ணா. உன் வண்டியில ஓடட்டும்." புது வண்டிக்கு முன்பணமாகக் கட்டியது அந்தப் பணம்தான். எல்லாம் கவிழப் போகிறது என்று தெரிந்ததும் இவருக்கு ஒரே யோசனைதான் வந்தது. பழைய வண்டியைத் தங்கை பேருக்கு மாற்றிவிட்டால், கடன்காரர்கள் கையிலிருந்து வண்டியும் தப்பும், அவளுக்கும் ஏதோ ஒன்று கொடுத்தது போல ஆகும். "ஆபீஸ் கையெழுத்து பாப்பா" என்று சொல்லி நீட்டினார். அவளும் படித்துப் பார்க்காமல் போட்டுக்கொடுத்தாள்.

வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். "உங்க பேர்ல இருந்திருந்தா யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. மறைக்கணும்னு மாத்தினதாலதான் இப்ப அதைத் தொட முடியும். உங்ககிட்ட இருந்து இல்ல, அவங்ககிட்ட இருந்து புடுங்குவாங்க. அவங்களும் வந்து பதில் சொல்லணும்."

"ஐயய்யோ" என்றாள் மனைவி.

"இன்னும் மனு போடல. அதனால தப்பிச்சீங்க. உடனே திரும்ப உங்க பேருக்கு மாத்துங்க. மாத்தினதையும் திருப்பினதையும் மனுவுல எழுதிடுவோம். ஒண்ணையும் மறைக்கக் கூடாது. அப்புறம், உங்க தங்கச்சி பேரையும் கடன் குடுத்தவங்க பட்டியல்ல சேக்கணும்."

"அவ கடன் குடுத்தவ இல்லீங்க மேடம். கூடப் பொறந்தவ."

"பணம் குடுத்தாங்களா இல்லையா?"

மாஸ்டர் கேள்விக் காகிதத்தை நாலாக மடித்தார்.

"எல்லார் பேரையும் எழுதணும் மாஸ்டர். ஒருத்தரை விட்டாலும் அது பொய் சத்தியம். எழுதினா மத்தவங்க கடன் மாதிரியே அவங்களுதும் தள்ளுபடி ஆகும். பின்னாடி நீங்களா மனசு வந்து குடுத்தா யாரும் தடுக்கப் போறதில்ல. ஆனா 'குடு'ன்னு கேக்கற உரிமை அவங்களுக்குக் கிடையாது."

"பேங்க்காரனுக்குப் பக்கத்துல பாப்பா பேரா?" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். "நான் எப்படிங்க அதை எழுதுவேன்?"

"நான் எழுதறேன். நீங்க வேற ஒண்ணு செய்யுங்க. கோர்ட்டுல இருந்து அவங்களுக்குக் கடுதாசி போகும். அதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல போய் சொல்லிடுங்க."

"மஞ்சக் கடுதாசியாதான் போகுமா?" என்று மனைவி கேட்டாள்.

"எல்லாரும் இதைக் கேட்டுடறாங்க. வெள்ளைக் கவர்தாம்மா."

*

தங்கை டயர் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடித்து, இரண்டு பஸ் மாறித் திரும்புவாள். நாற்பத்தெட்டு வயசு. ஆனால் அண்ணனுக்கு இன்னும் பாப்பாதான். அவளுக்கு லீவு நாள், மழை பிடித்துக்கொண்டிருந்த மத்தியானம் அது. அவர் நனைந்துகொண்டே படியேறினார். பையில் பெயர் மாற்றுகிற காகிதம் பத்திரமாக இருந்தது.

"வாண்ணா! குடை எங்க? தலையைத் துவட்டு முதல்ல." துண்டைத் தூக்கி எறிந்தாள். துண்டில் பிளீச்சிங் வாசனை அடித்தது. அவள் கையிலும் எப்போதும் அந்த வாசனைதான்.

சோறும் பருப்பும் அவித்த முட்டையும் வைத்தாள். அவர் சாப்பிட்டார். 'இப்பச் சொல்லிடணும்' என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்தார். முட்டை முடிந்தது, மோர் முடிந்தது, சொல்லத்தான் முடியவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "வாஷர் போயிருக்கு" என்று எழுந்து போய் அதைக் கழற்றினார். குழாயோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். சொட்டுவது நின்றது. வாய் திறக்கவில்லை.

"என்னண்ணா ஒரு மாதிரியா இருக்கே? முட்டி வலியா?"

"அதெல்லாம் இல்ல. மழைதான்."

"மழைன்னதும் ஞாபகம் வருது. நேத்துக் காலைல ரெண்டாவது பஸ்ஸு வரவே இல்ல. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கறே. எனக்கு எப்ப?"

இது பழைய பல்லவி. அவளுக்குக் கல்யாணம் ஆன புதிதில் தொடங்கியது, இருபத்தாறு வருஷமாக ஓடுகிறது. இவரும் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு வைத்திருப்பார். வெயில் குறையட்டும். கிளட்ச் மாத்தணும். டெஸ்ட் சீசன் முடியட்டும்.

"மழை விடட்டும்" என்றார்.

"அதானே பாத்தேன்!" என்று கையைத் தட்டிச் சிரித்தாள். சிரிக்கும்போது மோவாயில் பழைய தையல் தழும்பு சுருங்கியது. அவளுக்கு ஏழு வயசில், பன்னிரண்டு வயசுப் பையனாக இவர்தான் சைக்கிள் கற்றுக்கொடுத்தார். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிட்டார். நேரே சாக்கடைக் கல்லில் போய் மோதினாள். மூன்று தையல். அவள் அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். இவர்தான் மறக்கவில்லை.

கிளம்பும்போது காகிதத்தை எடுத்தார். "ஒரு கையெழுத்து பாப்பா."

"எதுக்கு?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"ஆபீஸ் கையெழுத்து."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, காட்டிய இடத்தில் போட்டாள். போட்டுவிட்டு, ஒரு டப்பாவில் பிஸ்கட்டைப் போட்டு அண்ணிக்கு என்று கொடுத்தாள். அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். "சொல்லிட்டீங்களா?"

"குழாயைச் சரி பண்ணிட்டேன்."

"நான் குழாயையா கேட்டேன்?"

"அடுத்த வாரம் சொல்றேன்."

"கடுதாசி முந்திக்கப் போகுது பாருங்க" என்றாள். அவள் சொன்னது போலத்தான் நடந்தது.

*

கடிதம் போன நாளைக் கண்டுபிடிப்பதில் ஒன்றும் கஷ்டமில்லை. தினமும் வேலையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அண்ணிக்குப் போன் போடுவது தங்கையின் வழக்கம். ஒரு புதன்கிழமை அந்தப் போன் வரவில்லை. வியாழனும் இல்லை. மனைவி போட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மாஸ்டர் நேரில் போனார். கதவில் பூட்டு. மறுபடி போனார். கீழே டயர் கடைக்காரர், "இப்பதானே மேல போனாங்க" என்றார். மாஸ்டர் கதவைத் தட்டவில்லை. உள்ளே குழாயடியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தார்.

மூன்று வாரம் ஓடியது. புது வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். அதற்கு அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கால் தேறியதும் பழைய வண்டியில் திரும்ப ஆரம்பித்த வகுப்புகளை மட்டும் நடத்தினார். ஒரு பேராசிரியர் மூன்று டப்பாவை வரிசையாகச் சாய்த்தபோதுகூட அவர் திட்டவில்லை.

"மாஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்று பேராசிரியர் பயந்துபோய்க் கேட்டார்.

சாயங்காலம் வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கடனெல்லாம் போயிடும்னாங்க. கடனோட அவளும் போயிட்டா."

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவருடைய முட்டிக்குத் தைலம் தேய்த்தாள். "பணத்துக்காகக் கோவிச்சுக்கற பொண்ணா அது? நீங்க வாயைத் திறக்கல பாருங்க, அதுக்குத்தான். எனக்கே உங்க மேல கோவம்தான்."

"உனக்குமா?"

"எனக்கும்தான். கோவமா இருந்துக்கிட்டே தைலம் தேய்க்கக் கூடாதா என்ன?"

*

விசாரணை என்றதும் அவர் சினிமாவில் பார்த்த கோர்ட்டைக் கற்பனை பண்ணியிருந்தார். போனால் பல் ஆஸ்பத்திரி மாதிரி ஓர் ஆபீஸ். வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் தண்ணீர் கேன், சுவரில் 'செல்போனை அணைக்கவும்'. மேசைக்குப் பின்னால், சளி பிடித்த ஓர் அதிகாரி, வாயில் இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பேச்சைப் பதிவு பண்ணுகிற சின்ன மெஷின் ஒன்று சிவப்பு விளக்கோடு இருந்தது. மாஸ்டர் கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டு வந்திருந்தார். கழுத்துப் பட்டன் இறுக்கியது.

"கையை உயர்த்துங்க. சொல்றதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றீங்களா?"

"பண்றேன்."

"மனுவைப் படிச்சுப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"ஒவ்வொரு வரியா படிச்சேங்க." அது நிஜம். படிக்காமல் போட்ட கையெழுத்து என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியாதா!

"சொத்து, கடன், ஒண்ணு விடாம எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"சொந்தக்காரங்க பேருக்கு எதையாவது மாத்தியிருக்கீங்களா?"

"பழைய வண்டியை மாத்தினேங்க. அப்புறம் திருப்பிட்டேன்."

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "ஏன் மாத்தினீங்க?"

வக்கீலம்மா சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. "பயம்ங்க" என்றார்.

அதிகாரி நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். "இந்த வண்டியை வெச்சுதான் வகுப்பு எடுக்கறீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு பிரேக் இருக்கற வண்டி. விக்கப் போனா பழைய இரும்புக்காரன்தான் வாங்குவான்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறியது. தண்ணீர் குடித்தார். "தொழில் சாமான். விலக்கு உண்டு. வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று எழுதிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி மூச்சு விட்ட சத்தம் மாஸ்டருக்குக் கேட்டது. பதினான்கு வருஷத்து வண்டி, அவர்களுக்குச் சோறு போடுகிற வண்டி, தப்பித்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. ஆனால் அது சந்தோஷம் பாதி, வேறு என்னவோ பாதியாக இருந்தது.

"கடன் குடுத்தவங்க யாராவது வந்திருக்கீங்களா? கேள்வி கேக்கணுமா?" என்று அதிகாரி பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். யாரும் வர மாட்டார்கள் என்று வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார். பேங்க்காரர்களுக்கு இதற்கெல்லாம் ஆள் அனுப்ப நேரமில்லை. அதிகாரி மெஷினை நிறுத்தக் கையை நீட்டினார்.

"நான் கேக்கணுங்க."

குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. மாஸ்டர் திரும்பினார். சலவைக்கூடத்து நீலக் கோட்டோடு, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்த வியர்வையோடு, தங்கை நின்றுகொண்டிருந்தாள். கையில் வெள்ளைக் கவர்.

"நீங்க?"

"மூணாவது வரியில இருக்கேன். ஃபைனான்ஸ்காரனுக்கு அடுத்து." கவரைத் தூக்கிக் காட்டினாள். "எங்க அண்ணனுக்கு என் முழுப் பேரு தெரியும்னே இதைப் பார்த்துதான் எனக்குத் தெரிஞ்சுது."

"வாங்கம்மா. முன்னாடி உக்காருங்க. கேளுங்க."

அவள் உட்காரவில்லை. மேசைப் பக்கத்தில் வந்து நின்று அண்ணனை நேராகப் பார்த்தாள். மாஸ்டரின் வலது கால் அவரை அறியாமல் தரையை அழுத்தியது.

"எங்கிட்ட ரெண்டு தடவை கையெழுத்து வாங்கினே. என்னன்னு சொல்லி வாங்கினே?"

"ஆபீஸ் கையெழுத்துன்னு பொய் சொன்னேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"ரெண்டாவது தடவை நீ வந்தப்பவே என்னமோ இருக்குன்னு எனக்குத் தெரியும். மோரைக் குடிச்சிட்டு டம்ளரையே பாத்துக்கிட்டிருந்தே. சொல்லுவேன்னு பாத்தேன். குழாயைக் கழட்டப் போயிட்டே." அவள் குரல் உடைந்தது. "பணம் போனா போகுதுண்ணா. அது அவரு உசிரு போய் வந்த பணம்தான், இல்லேங்கல. ஆனா அதைக் குடுத்ததே உங்கிட்டதானே? போச்சு பாப்பான்னு என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கோர்ட்டா வந்து எனக்குச் சொல்லணும்?"

அதிகாரி மிட்டாயைக் கடிக்காமல் வாயில் வைத்திருந்தார். வக்கீலம்மா ஃபைலைப் பார்த்தபடி குனிந்துகொண்டார்.

"தப்பு பாப்பா" என்றார் மாஸ்டர். கல்யாணச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தார். "பணம் போச்சு பாப்பா. எல்லாம் போச்சு. நீயும் போயிடுவியோன்னுதான் சொல்லல."

"நான் எங்க போவேன்? ரெண்டு பஸ் மாறணும், எங்க போனாலும்."

பின்னாலிருந்து மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். அதிகாரி தொண்டையைச் செருமினார். "வேற கேள்வி இருக்காம்மா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு." கவரை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறேன்னு சொன்னே. இருபத்தாறு வருஷம் ஆச்சு. அந்தப் பட்டியல்ல அது இருக்கா?"

மாஸ்டர் வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா அதிகாரியைப் பார்த்தார்.

"அது இந்த மனுவுல வராதும்மா" என்றார் அதிகாரி. "தள்ளுபடியும் ஆகாது."

"அதான் எனக்கும் வேணும். எப்ப குடுப்பேண்ணா? சத்தியத்துல இருக்கே. யோசிச்சு சொல்லு."

வெயில், மழை, கிளட்ச், டெஸ்ட் சீசன் எல்லாம் அவர் வாய்க்குள் வரிசை கட்டி வந்தன. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் மோவாயில் தழும்பு தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை" என்றார். "காலைல ஏழு மணிக்கு."

"பதிவாயிடுச்சு" என்று சொல்லி அதிகாரி மெஷினை நிறுத்தினார்.

*

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. நன்றாகவே பெய்தது. ஆறே முக்காலுக்கே தங்கை வாசலில் வந்து நின்று, "விட்டுடும், விட்டுடும்னு சொல்லாதே, வண்டியை எடு" என்றாள்.

மைதானத்தில் சேறு. டப்பாக்களுக்குள் தண்ணீர் நிரம்பியிருந்தது. தங்கை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, இருக்கையை இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, எல்லாவற்றையும் அண்ணன் முப்பது வருஷமாகச் சொல்லக் கேட்டது போலவே செய்தாள். மாஸ்டர் பக்கத்தில். மனைவி பின்சீட்டில் ஃபிளாஸ்க்கை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு.

"கிளட்சை மெதுவா விடு. மெதுவா. இன்னும் மெதுவா."

வண்டி நகர்ந்தது. நின்றது. தங்கை முகத்தைச் சுளித்தாள். மறுபடி எடுத்தாள். நகர்ந்தது, நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் நிறுத்தல. நீதான் மிதிக்கிறே."

"நானா?"

"நீங்கதான்" என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி.

மாஸ்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அது பிரேக்கின்மேல் கல் மாதிரி ஊன்றிக்கொண்டிருந்தது. எடுத்தார். வண்டி கிளம்பியதும் அது தானாகப் போய் மறுபடி ஊன்றிக்கொண்டது. ஆபரேஷன் பண்ணின கால். ஆனால் இந்த ஒரு வேலையில் மட்டும் குறையே வைக்காது.

"கீழே வச்சா அது மிதிக்கத்தான் செய்யும் பாப்பா" என்றார். "இரு."

செருப்பைக் கழற்றினார். இடது காலை மடக்கி சீட்டில் வைத்தார். வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். முட்டி சுளீரென்று வலித்தது. "ஏங்க, முட்டி!" என்று மனைவி கத்தினாள். அவர் காதில் வாங்கவில்லை. வலது காலையும் மடக்கிப் போட்டு, சாப்பாட்டுக்கு உட்காருகிறவர் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கீழே இரண்டாவது பிரேக் தனியாக இருந்தது.

"பிடிச்சிருக்கியாண்ணா?" என்று தங்கை கேட்டாள், முன்னால் பார்த்தபடியே.

இவள் எதையுமே மறக்கவில்லை போலிருக்கிறது.

"இல்ல பாப்பா" என்றார். "விட்டுட்டேன். நீதான் ஓட்டறே."

வைப்பர் அப்படியும் இப்படியும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி முதல் டப்பாவைத் தாண்டியது. இரண்டாவதை உரசிக்கொண்டு தாண்டியது. மூன்றாவதைச் சாய்த்தது; அதிலிருந்த தண்ணீரெல்லாம் சேற்றில் கொட்டியது. மாஸ்டர் இரண்டு கையாலும் தன் கால் கட்டைவிரல்களை இறுகப் பிடித்துக்கொண்டார். மைதானத்தின் கடைசிச் சுவர் எதிரே வந்தது. வந்துகொண்டே இருந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். சுவருக்கு நான்கடி முன்னால் தங்கை தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது.

"டப்பா ஒண்ணுதான் விழுந்துது" என்றாள் மூச்சு வாங்க. "ஒரு திட்டுதானே?"

"திட்டறேன், இரு" என்றார் மாஸ்டர். ஆனால் திட்டவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து மூன்று பேருக்கும் டீ ஊற்றச் சொன்னார்.